பங்குக் கிணறு: முறை இருக்கிறது, வரம்பு இல்லை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழை சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கித் தங்குகிறது. குடிக்கவும் பயிர் செய்யவும் மக்கள் காலங்காலமாக நம்பியிருப்பது அந்த நிலத்தடி நீரைத்தான். அதைப் பகிர்ந்துகொள்ள ஊர் கண்டுபிடித்த வழிதான் பங்குக் கிணறு.

பாறையை உடைத்துக் கிணறு வெட்டுவது பெருஞ்செலவான வேலை. தலைமுறை மாறும்போது முதுசமாகவும் சீதனமாகவும் காணி துண்டுபடும். கிணற்றை அப்படித் துண்டாட முடியாது. அதனால் காணி உறுதியில் நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழி, வாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்படுகின்றன. பங்குள்ள ஒருவர் தன் உரித்தை விற்பதானால், பங்காளிகளுக்கு அதை முதலில் வாங்கும் உரிமையைத் தேசவழமைச் சட்டம் தருகிறது.

கிணற்றில் பங்கு என்றால் நடைமுறையில் இறைப்பு முறைதான். இன்று ஒருவருக்கு, நாளை மற்றவருக்கு என்று முறை சுற்றி வரும். பங்கு கூடியவருக்கு முறையும் கூடும். அவசரத்துக்கு முறையை மாற்றிக்கொள்வார்கள். தூர் வாருவதும் வாய்க்கால் திருத்துவதும் எல்லோருக்கும் பொது. இதற்குத் தனி அலுவலகமோ பதிவேடோ கிடையாது. ஒருவரையொருவர் அறிந்திருப்பதே காவல்.

இந்த ஏற்பாடு பங்கிட்டது நேரத்தை. நீரின் அளவை அல்ல. துலாக் காலத்தில் அது போதுமாக இருந்தது. துலாவில் ஏறி மிதிக்க ஆள் வேண்டும், பட்டையைப் பிடித்து நீரை ஊற்றவும் ஆள் வேண்டும். மனித உழைப்பே வரம்பாக நின்றது. 1950களுக்குப் பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரங்களும் பிறகு மின்மோட்டார்களும் பரவின. முறை அப்படியே இருந்தது. அதே நேரத்தில் இறைக்கப்படும் நீரோ பல மடங்கானது.

குடாநாட்டின் நன்னீர் ஒரு வில்லை வடிவில் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலின் பொதுக் கணக்கு. மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலே கீழிருந்து உவர் மேலெழும். அது யாருடைய முறை என்று பார்த்து வராது.

மாசும் அப்படியே. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று அதே நீரில்தான் சேர்கிறது. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மின் உற்பத்தி நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலிக்குள் இருக்கும் கிணற்றின் நீர் வேலிக்குள் நிற்பதில்லை என்பதை அந்தக் கிராமங்கள் அனுபவித்தே அறிந்தன.

பழைய முறையை முழுமையான முன்மாதிரியாகக் காட்டவும் முடியாது. பங்கு காணியோடு வந்தது; காணி இல்லாதவருக்குப் பங்கும் இல்லை. சாதியின் பெயரால் கிணற்றில் அள்ள விடாமல், வேறொருவர் அள்ளி ஊற்றும்வரை மக்களைக் காத்து நிற்கவைத்ததும் இதே மண்தான்.

ஆனாலும், நீரை முறைவைத்துப் பயன்படுத்தும் பழக்கம் இங்கே புதிதல்ல. அதைக் கிணற்றடியிலிருந்து ஊரளவுக்கு விரிக்க வேண்டும். கோடையில் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் கமக்காரர் அமைப்புகள் சேர்ந்து அளக்கலாம். அந்த அளவைப் பார்த்து இறைப்பு நேரத்தைக் குறைக்க உடன்படலாம். காணியில்லாத குடும்பங்களின் குடிநீருக்கு அந்தக் கணக்கில் முதலிடம் வேண்டும். உறுதியில் எழுதிய பங்குக்குப் பெறுமதி இருப்பது, கிணற்றில் நன்னீர் இருக்கும்வரைதான்.