அம்பாசடரின் இரண்டொரு ஃபியூஸ்

டெல்லி லோதி ரோட்டின் அரசு அலுவலகங்களுக்கு வெளியே பல பத்தாண்டுகள் வெள்ளை அம்பாசடர்களே வரிசைகட்டி நின்றன. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த அந்தக் காரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவில் 2014 வரை தயாரித்தது. பழைய வண்டிகளில் கியர் கம்பி ஸ்டியரிங்கை ஒட்டியிருக்கும். ஹெட்லைட்டைத் தாழ்த்த, தரையிலுள்ள பொத்தானைக் காலால் மிதிக்க வேண்டும். மின்சுற்றுகளைக் காத்தவை இரண்டொரு கண்ணாடிக் குழாய் ஃபியூஸ்களே. மின்னோட்டம் அளவை மீறினால் உள்ளிருக்கும் மெல்லிய கம்பி உருகி இணைப்பு அறும். ஒரே ஃபியூஸை நம்பிப் பல கருவிகள் இருந்ததால், அது போனால் வைப்பரும் இண்டிகேட்டரும் சேர்ந்தே நிற்கும். அவசரத்துக்கு சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகியவர்கள் உண்டு. கெட்டிக்காரத்தனம்தான், அடுத்த கோளாறில் உருகுவதோ வயரிங். கண்ணாடிக் குழாய்க்கு மாற்றாக 1970களில் வந்த பட்டை ஃபியூஸ் நிறத்தாலேயே அளவைக் காட்டியது: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20.