பேரலைக்குப் பின் வீடு: பிள்ளைகளின் மனவடு குறித்து ஒரு மறுநோக்கு

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. வடக்குக் கிழக்குக் கரையோரத்தில் தப்பிய பிள்ளைகளுக்கு அது முதல் இழப்பு அன்று. அவர்கள் போருக்குள்ளேயே பிறந்தவர்கள். பேரிடரில் சிக்கிய பிள்ளைகளின் மனநலத்தை மதிப்பிடுவோர் பெரும்பாலும் கடலோ புயலோ செய்ததையே அளக்கின்றனர். அந்த அளவை போதாது. வீட்டுக்குள் பெரியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதும் பிள்ளை தேறுவதைத் தீர்மானிக்கிறது.

கிளவுதியா கட்டானியும் அவருடைய ஆய்வுக்குழுவினரும் இப்பகுதியின் 296 தமிழ்ப் பாடசாலை மாணவரிடம் நடத்திய ஆய்வு 2008 இல் வெளியானது. அவர்களில் 30.4 சதவீதத்தினருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் இருந்தது. போர், பேரலை ஆகியவற்றோடு வீட்டு வன்முறையும் நோய்க்குறிகளோடு தொடர்புற்றிருந்தது. அந்த வன்முறைக்கோ தகப்பனின் குடியோடும் குடும்பம் பட்ட போர் அனுபவத்தோடும் தொடர்பு காணப்பட்டது. ஒரே காலப்புள்ளியில் எடுத்த தரவு காரணகாரியத்தை நிறுவாது என்பது உண்மையே. எனினும், வள்ளமும் வலையும் இழந்து தகரக் கொட்டிலில் வேலையின்றி இருக்கும் தகப்பனை விட்டுவிட்டுப் பிள்ளைக்கு மட்டும் சிகிச்சை அளிப்பது அரைகுறை வேலை என்றே கருதுகிறேன்.

பிள்ளையைச் சுற்றியுள்ள பெரியவர்களே முக்கியம் என்ற திசையையே சிகிச்சை பற்றிய சான்றும் காட்டுகிறது. பேரலைக்குப் பின் சில வாரங்களிலேயே, முகாமிலிருந்த 31 பிள்ளைகளுக்கு இரு வகைச் சிகிச்சைகள் ஒப்பிடப்பட்டன. ஒரு பிரிவினர் தம் வாழ்க்கையை நடந்த வரிசையில் எடுத்துரைத்தனர். மறுபிரிவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தனர். இரு பிரிவுக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதங்களுக்குப் பின் முதற்பிரிவில் 81 சதவீதத்தினரும் மற்றதில் 71 சதவீதத்தினரும் நோயிலிருந்து மீண்டிருந்தனர். சிகிச்சை பெறாத பிரிவு ஒன்று இல்லாததால், தானாகத் தேறியவர் எத்தனை பேர் என்று இதிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆயினும் முறைகள் வேறாக இருந்தும் பலன் பெரிதும் வேறுபடவில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தவர்கள், பயிற்சி பெற்று மீண்டும் மீண்டும் வந்த உள்ளூர் உளவளத்துணையாளர்கள். அந்தத் தொடர்ச்சியே மருந்தின் பெரும்பகுதி என்பது என் ஊகம்.

மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்னும் சிறுவர் மையம் களிமண், கதை, நாடகம் வழியே இத்தகைய உறவைப் போர்க்காலத்திலேயே பேணிவந்தது. மாறாக, ஒருநாள் வந்து நடந்ததைச் சொல்லச்சொல்லிப் பிள்ளையைக் கிளறிவிட்டுப் போகும் உதவி வன்மையாகக் கண்டிக்கத்தக்கது. பேரிடர்க்கால உளசமூக உதவிக்கென 2007 இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டியும் ஒற்றை அமர்வு விசாரிப்பைத் தவிர்க்கச் சொல்கிறது.

ஆகவே நிவாரணத் திட்டம் வகுப்போர் தகப்பனின் தொழில் மீட்பையும் குடிநோய்ச் சிகிச்சையையும் சிறுவர் பாதுகாப்புச் செலவினத்திலேயே சேர்க்க வேண்டும். பாதிக்கப்பட்ட பாடசாலையின் உளவளத்துணை ஆசிரியரைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு இடமாற்றம் செய்யக்கூடாது.