வராந்தாவில் ஒரு நடனம்

மனச்சோர்வுக்கு முதல் மாத்திரை எங்கே கிடைத்தது தெரியுமா? மனநல மருத்துவமனையில் இல்லை. காசநோய் வார்டில்!

1952. நியூயார்க், ஸ்டேட்டன் தீவில் இருந்த ஸீ வியூ மருத்துவமனை. எலும்பும் தோலுமாகப் படுத்துக் கிடந்த காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியஸிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் மூலப்பொருள் ஹைட்ரஸின். ஆமாம், உலகப் போரில் ஜெர்மனி தன் ராக்கெட் விமானத்துக்கு எரிபொருளாக ஊற்றிய அதே சமாசாரம்!

கொஞ்ச நாளில் வார்டே தலைகீழானது. சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள், அரட்டை அடித்தார்கள், வராந்தாவில் ஆடினார்கள். பத்திரிகைகளில் போட்டோகூட வந்தது! டாக்டர்களோ இந்த உற்சாகத்தைப் 'பக்கவிளைவு' என்று குறித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள்.

நேதன் க்ளைன் என்ற மனநல மருத்துவருக்கு மட்டும் ஒரு பொறி தட்டியது. காசநோயே இல்லாமல், மனம் மட்டும் ஒடிந்து கிடப்பவர்களுக்கு இதைக் கொடுத்தால்? கொடுத்தார். 1957-ல் முடிவைச் சொன்னார். பலர் தேறியிருந்தார்கள்! அடுத்த ஒரே வருடத்தில் சுமார் 4 லட்சம் பேர் அதை விழுங்கினார்கள். அப்புறம்தான் வில்லங்கம். சிலருக்கு மஞ்சள் காமாலை வந்தது. 1961-ல் அமெரிக்காவில் அந்த மருந்து வாபஸ்!

இதே சமயத்தில் ஸ்விட்சர்லாந்தின் மியூன்ஸ்டர்லிங்கனில் ரோலண்ட் குன் என்ற டாக்டர், மனச்சிதைவுக்காக வந்த ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பயன்படவில்லை. சரி, மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பார்ப்போமே என்று 1956-ல் கொடுத்தார். பலித்தது! அதுதான் இமிப்ரமின். 1957-ல் ஜூரிச் மாநாட்டில் அவர் இதைச் சொன்னபோது கேட்க வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான்.

பதற்றத்துக்கான மருந்தும் இப்படித்தான். கைவிடப்பட்ட ஆராய்ச்சியின் மிச்சம் ஒன்று, 1957-ல் லியோ ஸ்டெர்ன்பாக்கின் பரிசோதனைக் கூடத்தைச் சுத்தம் செய்யும்போது அகப்பட்டது. 1960-ல் அது லிப்ரியம். 1963-ல் அதன் தம்பி வேலியம். 'ஆபத்தே இல்லை' என்று நம்பி எழுதித் தள்ளினார்கள். பழக்கமாகி, விட முடியாமல் தவித்தவர்கள் ஏராளம்.

எல்லாமே அதிர்ஷ்டம் என்று கைதட்டிவிட்டுப் போய்விட முடியுமா? 2019-ல் வரலாற்று ஆய்வாளர்கள் மியூன்ஸ்டர்லிங்கன் கோப்புகளைப் புரட்டி ஓர் அறிக்கை தந்தார்கள். அனுமதி கிடைக்காத மருந்துகள் பல அங்கே பல்லாண்டுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டிருந்தன. பலருக்கு என்ன விழுங்குகிறோம் என்றே தெரியாது! இன்று மருந்துச் சீட்டில் டாக்டர் சாதாரணமாக எழுதும் ஒரு பெயருக்குப் பின்னால், சம்மதம் கேட்கப்படாத அந்த மனிதர்களும் நிற்கிறார்கள்.

அதனால்தான் இன்று நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். எந்த மருந்து, எதற்காக, எத்தனை நாள் என்று தயங்காமல் கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி அரைமணியில் வேலை செய்யாது. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகலாம். 'சரியாயிடுச்சு' என்று நீங்களாகவே திடீரென்று நிறுத்தினால் வம்பு. மாத்திரை மட்டுமே வழியும் அல்ல. 1960-களில் ஆரன் பெக் வகுத்த, எண்ணங்களைப் பேசிப் பேசி ஆராய்ந்து மாற்றும் சிகிச்சையும் நிரூபிக்கப்பட்ட ஒன்றுதான். சிலருக்கு இரண்டும் வேண்டியிருக்கும்.

'மூளையில் ஒரு ரசாயனம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்' என்ற சுலபமான விளக்கம்கூட இன்று விஞ்ஞானிகளுக்குத் திருப்தி தரவில்லை. மருந்து ஏன் வேலை செய்கிறது என்பதில் இன்னும் புதிர் பாக்கியிருக்கிறது. ஆனால், நோய் நிஜம். 'எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிறதால வர்ற வியாதி' என்று வீட்டில் யாராவது சொன்னால், அந்தக் காசநோய் வார்டைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே யாரும் புத்திமதி கேட்டு எழுந்து ஆடவில்லை!