ஸ்பேம் அசாசின்

வேண்டாத மின்னஞ்சல்களை (ஸ்பேம்) இனங்காணும் கட்டற்ற மென்பொருள். ஜஸ்டின் மேசன் 2001-இல் பெர்ல் மொழியில் எழுதி வெளியிட்டார். 2004-இல் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமானது. பிலிப் ஹேசல் 1995-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய எக்சிம் போன்ற அஞ்சல் வழங்கி மென்பொருள்களுடன் இணைந்து இயங்கும்.

செயல்முறை: ஒவ்வோர் அஞ்சலும் பல நூறு விதிகளால் சோதிக்கப்படுகிறது. ஐயத்துக்குரிய கூறுகள் மதிப்பெண்ணைக் கூட்டும், நம்பகமானவை குறைக்கும். இயல்பமைப்பில், மொத்தம் 5-ஐ எட்டினால் அது ஸ்பேம். மதிப்பெண் 7.3 என்றால் அஞ்சலின் தலைப்பகுதியில் ஏழு நட்சத்திரக் குறிகள் விழும். சொற்களின் நிகழ்தகவைக் கணிக்கும் பேய்சியன் பகுதி, ஸ்பேமிலும் நல்ல அஞ்சலிலும் தலா 200 கற்ற பிறகே கணக்கில் சேரும்.

பல்கலைக்கழகங்களில்: மருந்தியல் துறையின் அஞ்சல்களில் மருந்துப் பெயர்கள் இயல்பாகவே வரும், அயல்நாட்டு மாணவரின் விண்ணப்பம் முன்பின் அறியாத முகவரியிலிருந்து வரும். இவற்றை ஸ்பேம் எனத் தவறாகக் கருதி இழப்பது, சில ஸ்பேம்கள் உள்ளே நுழைவதைவிடப் பெருங்கேடு. மென்பொருள் அஞ்சலைக் குறியிடுமே தவிர அழிக்காது. எனவே குறியிட்டவற்றைத் தனிக் கோப்புறையில் ஒதுக்கி, மதிப்பெண் வரம்பைப் பயனரே மாற்றிக்கொள்ள விடுவது நல்ல முறை.

குறைபாடு: களவாடப்பட்ட உள்கணக்கிலிருந்து வரும் ஃபிஷிங் அஞ்சல் நம்பகமானதாகத் தோன்றி எளிதில் தப்பிவிடும்.