சித்தப்பாவின் ஜீப்பும் சொட்டு ஆயிலும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் சித்தப்பா ஓர் அரசு அலுவலகத்தில் ஜீப் டிரைவர். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால் ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுவார். நம் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் விடியற்காலையில் பட்டுப் பாவு நீட்டுவார்கள். அங்கே ஆயில் சொட்டினால் யார் சும்மா விடுவார்கள்? நிறுத்தியதும் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பது என் வேலை.

1972. நான் ஏழாம் வகுப்பு. ஓர் ஏரிக்கரை மேட்டில் கேட்டைத் திறக்கச் சித்தப்பா இறங்கியிருக்கிறார். பேட்டரி வீக் என்பதால் இன்ஜினை அணைக்கவில்லை. நியூட்ரலில் விட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்திருக்கிறார். கல் வைக்க ஆளில்லை. ஜீப் பின்னால் உருண்டு மதகுச் சுவரில் மோதியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் "ஹேண்ட்பிரேக் போடாமல் இறங்கினார்" என்று எழுதி ஒரு இன்கிரிமென்டை வெட்டிவிட்டார்கள். "நான் இழுத்தேன்டா" என்று சாகும்வரை சொன்னார். வீட்டிலேயே பாதிப் பேர் நம்பவில்லை.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன். 1940-ல் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு சிறிய வண்டி கேட்டது. மாதிரி வண்டி செய்ய பேண்டம் கம்பெனிக்குக் கிடைத்த அவகாசம் 49 நாள். பிறகு வில்லிஸும் ஃபோர்டும் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து குவித்தன. நம் நாட்டில் 1945-ல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம், அந்தப் பத்தாண்டின் கடைசியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தது. கிராமத்துக்கு அரசாங்கம் வருகிறது என்றால் ஜீப் வருகிறது என்று அர்த்தமாயிற்று. நம் ஊர்ப்பக்கம் ஓடிய சிஜே 3பி மாடலும் அந்தப் போர்க்கால வண்டியின் வாரிசுதான்.

அதன் வயிற்றில் இரண்டு பெட்டிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று கியர் பாக்ஸ். அதன் பின்னால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ். கியர் பாக்ஸ் ஆயில் நடுவில் உள்ள பேரிங் வழியாகப் பின்பெட்டிக்கு நகரும். தரையில் ஒரு சொட்டுகூட விழாமலே முன்பெட்டியில் ஆயில் குறையும்; பின்பெட்டியில் கூடும். கூடினது எங்கே போகும்? பின்தண்டின் ஆயில் சீல் வழியாக வெளியே.

விஷயம் இங்கேதான். இந்த ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்தண்டில் ஒரு சின்ன டிரம்முக்குள் இருக்கிறது. சீல் போனால் ஆயில் நேராக அந்த டிரம்முக்குள் இறங்கும். லைனிங் ஊறிவிடும். பிறகு பிடியை எவ்வளவு இழுத்தாலும் வழுக்கும்.

இதை எனக்குக் காட்டியது என் பழைய மாணவன் ஒருவன். பழைய ஜீப்புகளைச் சரிசெய்கிறான். போன மாதம் அவன் பட்டறையில் ஒரு சிஜே 3பி-யின் டிரம்மைக் கழற்றினான். உள்ளே கருப்பாக ஆயில். "சார், இதுல ஹேண்ட்பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான்" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை.

"சீலை மட்டும் மாத்தினா ஆறு மாசத்துல மறுபடி ஒழுகும் சார்" என்று வேலையையும் விளக்கினான். முதலில் மேலே உள்ள பிரீதர் அடைத்திருக்கிறதா பார்க்க வேண்டும். அடைத்தால் சூட்டில் அழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளும். சீல் உட்காரும் யோக்கில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். தண்டின் ஆட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்குக்குள் இருக்கும்படி ஷிம் வைக்க வேண்டும். தண்டு ஆடினால் எந்தச் சீலும் நிற்காது. நடுத்தண்டின் முனையில் சீலன்ட் தடவ வேண்டும். ஆயில் ஊறிய லைனிங்கைத் துடைத்துப் போடக் கூடாது, புதிதாகவே போட வேண்டும்.

சித்தப்பாவின் ஜீப்பைக் கழற்றிப் பார்க்க இனி வழியில்லை. ஆனால் அது சொட்டுப் போட்டதை இரண்டு வருடம் தினமும் பார்த்தவன் நான். டிரம்மைக் கழற்றாமலே தீர்ப்பு எழுதினார்கள். வீட்டில் நாமும் அதையே செய்தோம்.

சித்தப்பா பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இதை எழுதி வைக்கிறேன்: உங்கள் அப்பா, உங்கள் தாத்தா, ஹேண்ட்பிரேக்கை இழுத்திருந்தார். நான் நம்புகிறேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

பழைய ஜீப் வைத்திருக்கும் மாணவர்கள் இந்த வாரமே அடியில் குனிந்து பாருங்கள். அதுவரை ஒரு கல் கைவசம் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்