தோற்றவருக்குப் பிறந்த மன்றம்

தேர்தலில் தோற்றவரைத் தேடி மறுநாள் யாரும் வருவதில்லை. தென்கொரியாவில் 2000 ஏப்ரலில் ஒருவரைத் தேடி வந்தார்கள். வந்தது வீட்டு வாசலுக்கு அல்ல, அவருடைய இணையதளத்துக்கு.

அவர் பெயர் ரோ மூ ஹியூன். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கல்லூரிப் பக்கமே போகாமல் சட்டத் தேர்வு எழுதி வழக்கறிஞரானவர். அந்த நாட்டு அரசியலில் தென்கிழக்கின் புசான் வட்டாரத்துக்கும் தென்மேற்கின் குவாங்ஜு வட்டாரத்துக்கும் ஏழாம் பொருத்தம். ரோ புசான் பக்கத்துக்காரர். அவருடைய கட்சியோ குவாங்ஜு பக்கத்தாரின் கோட்டை. அந்தப் பகையைத் தீர்த்தே ஆகவேண்டும் என்று, தலைநகர் சியோலில் கையிலிருந்த தொகுதியை விட்டுவிட்டுப் புசானில் போய் நின்றார். அங்கே ஏற்கெனவே தோற்றவர், மறுபடியும் தோற்றார். 'முட்டாள் ரோ' என்ற பட்டப்பெயர் மிஞ்சியது. பாசத்தில் வைத்த பெயர்தான் அது.

ஃபேஸ்புக் பிறக்க இன்னும் நான்கு ஆண்டு, ட்விட்டருக்கு ஆறு. அவருடைய தளத்தில் வந்து புலம்பியவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டு, 'நோசாமோ' என்று ஒரு கூட்டத்தை ஆரம்பித்தார்கள். ரோவை நேசிப்பவர்கள் என்று பொருள். அதே ஆண்டு ஜூனில் டேஜான் நகரத்துப் பிரவுசிங் சென்டர் ஒன்றில் தொடக்கக் கூட்டம் நடந்தது. அரசியல்வாதிக்கு ரசிகர் மன்றம் என்பது அந்த நாட்டுக்குப் புதிது. நம் ஊரில் நடிகருக்கு மன்றம் வைப்பார்கள், அது வளர்ந்து கட்சியாகும். அங்கே அரசியல்வாதிக்கு வைத்த மன்றத்தில் நடிகர்கள் வந்து சேர்ந்தார்கள். மியுங் கே நாம், மூன் சுங் குன் இருவரும் அதன் முகமானார்கள்.

காலமும் கூடிவந்தது. 2002 முடிவதற்குள் கொரியாவில் அதிவேக இணைய இணைப்புகள் ஒரு கோடியைத் தாண்டின. பெரிய நாளிதழ்கள் மூன்றும் பழமைவாதிகளின் பக்கம். வாசகர்களே செய்தி எழுதும் 'ஓமைநியூஸ்' என்ற இணைய இதழ் 2000இல் தொடங்கி, ரோவின் ஆட்களுக்குப் பேச இடம் கொடுத்தது. 2002இல் ரோவின் கட்சியான ஆளுங்கட்சி, அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பொதுமக்களுக்கும் பங்கு தந்தது. ரோவைப் பெரிதாக யாரும் கணக்கில் வைக்கவில்லை. மார்ச்சில் குவாங்ஜு நகரமே இந்தப் புசான்காரருக்கு முதலிடம் கொடுத்தது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். கணினித் திரையில் பழகியவர்கள் தெருவில் இறங்கி ஆள் சேர்த்தார்கள். ரோ வேட்பாளரானதும் மஞ்சள் நிறப் பன்றி உண்டியல்களைக் கொடுத்துவிட்டு, சில்லறை நிரம்பியதும் திரும்ப வாங்கித் தேர்தல் நிதி திரட்டினார்கள்.

டிசம்பர் 18, வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு. ரோவுக்காகப் போட்டியிலிருந்து விலகிக்கொண்ட சுங் மோங் ஜூன், கால்பந்து உலகக் கோப்பையை நடத்திப் புகழின் உச்சியில் இருந்தவர், ஆதரவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். ரோ அவர் வீடு தேடிப் போனார். கதவு திறக்கவில்லை. அச்சுக்குப் போகும் நாளிதழ்கள் தலையங்கத்தை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், ஓமைநியூஸ் விடிய விடியச் செய்தியைப் புதுப்பித்தது. விவாத அரங்குகளில் யாரும் தூங்கவில்லை. காலையில் கைப்பேசிகளில் குறுஞ்செய்திகள் பறந்தன: ஓட்டுப் போட்டாயா, உன் நண்பன் போட்டானா? இரவுக்குள் ரோ 48.9 சதவீதம், எதிராளி லீ ஹோய் சாங் 46.6 சதவீதம். வித்தியாசம் ஏறத்தாழ 5,70,000 வாக்குகள்.

'இணையம் தேர்ந்தெடுத்த முதல் அதிபர்' என்று வெளிநாட்டு இதழ்கள் கொண்டாடின. இதை அப்படியே விழுங்க எனக்கு மனமில்லை. அந்தத் தேர்தலில் வாக்குப்பதிவு சுமார் 71 சதவீதம். 1997இல் 80ஐத் தாண்டியிருந்தது. குறுஞ்செய்திகள் இளைஞர்களைச் சாவடிக்கு அள்ளிக்கொண்டு வந்தன என்ற கதையோடு இந்தக் கணக்கு முழுதாக ஒத்துப்போகவில்லை. ஆனால் வேட்பாளரே கேட்காமல், கட்சி சம்பளம் கொடுக்காமல், முன்பின் அறியாதவர்கள் திரை வழியாகக் கூடி ஒருவரை வேட்பாளராக்கிக் காட்டினார்கள். அதற்கு முன் எங்கும் இந்த அளவுக்கு நடந்ததாக நான் அறியேன். வெற்றிக்குப் பிறகு ரோ தன் முதல் பேட்டியை ஓமைநியூஸுக்குத்தான் கொடுத்தார்.

அடுத்து வந்தவர்கள் பாடத்தை வேறு விதமாகப் படித்தார்கள். ரசிகர்கள் தானாகக் கூடும்வரை காத்திருப்பானேன், கூட்டத்தை நாமே உண்டாக்கலாமே என்று. 2012 அதிபர் தேர்தலில் நாட்டின் உளவு நிறுவனத்து ஊழியர்களே பொதுமக்களைப் போலப் பெயர் வைத்துக்கொண்டு பின்னூட்டங்களும் ட்வீட்டுகளும் எழுதினார்கள். அதன் தலைவராயிருந்த வோன் சே ஹூனுக்கு நான்கு ஆண்டுச் சிறையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தப் பதிவுகள் குறிவைத்த எதிர்க்கட்சி வேட்பாளர் மூன் ஜே இன், ரோவின் பழைய நண்பர். ரோவின் அதிபர் அலுவலகத்தில் தலைமைச் செயலராக இருந்தவர்.