பச்சிளங்குழந்தை இறப்பு வீதம்

பச்சிளங்குழந்தை இறப்பு வீதம் என்பது உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் முதல் 28 நாட்களுக்குள் இறப்போரின் எண்ணிக்கையாகும். நாடுகளின் மகப்பேற்றுப் பராமரிப்புத் தரத்தை ஒப்பிட உதவும் முதன்மை அளவீடுகளுள் இதுவும் ஒன்று.

வகைகள்: முதல் 7 நாட்களுக்குள் நிகழ்வது முன்னிலை இறப்பு, எஞ்சியது பின்னிலை இறப்பு.

காரணங்கள்: குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத்திணறல், நோய்த்தொற்று, பிறவிக் குறைபாடு. முதல் மூன்றால் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. பயிற்சி பெற்ற செவிலியர், உடனடிச் செயற்கைச் சுவாசம், தூய்மையான பிரசவ அறை, கங்காரு அரவணைப்பு (குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்தணைத்தல்), சீம்பால் ஆகியவை அடிப்படைத் தேவைகள்.

ஒப்பீடு: 2022இல் உலக வீதம் 17. ஜப்பானில் அது 1க்கும் கீழ். 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறையின்படி இந்தியாவில் 20, தமிழ்நாட்டில் 9, கேரளத்தில் 4. பதிவாகாத வீட்டுப் பிரசவங்களும், மிகக் குறைமாதப் பிறப்புகளைக் கணக்கிடுவதில் உள்ள வேறுபாடுகளும் ஒப்பீட்டைச் சிக்கலாக்குகின்றன.

தமிழ்நாடு: முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் (1987), சீமாங்க் (விரிவான அவசரகால மகப்பேறு, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு) மையங்கள், 108 ஆம்புலன்ஸ் சேவை (2008) ஆகியவை முக்கிய நடவடிக்கைகள். விழுப்புரம் மாவட்டத்தின் திண்டிவனம்–மரக்காணம் வட்டாரத்தில் உள்ள பெருமுக்கல் போன்ற சிற்றூர்களிலும் உப்பளக் கரையோர ஊர்களிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தாயையும் குழந்தையையும் காலத்தே கொண்டுசேர்ப்பது உயிர்காக்கும் கண்ணியாகும்.

முக்கியத்துவம்: நீடித்த வளர்ச்சி இலக்கு 3.2, 2030க்குள் ஒவ்வொரு நாடும் இவ்வீதத்தை 12 அல்லது அதற்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்கிறது. மருத்துவமனைப் பிரசவம் மட்டும் போதாது, பராமரிப்பின் தரமே தீர்மானிக்கிறது என்பதை 2018ஆம் ஆண்டு லான்செட் ஆணைய அறிக்கை வலியுறுத்தியது.